விலக்குப் பட்டியல்

இரவு இரண்டு பத்துக்கு
மாரத்தஹள்ளியில், ஏழாவது மாடியில்,
ஒரு பொத்தானை அழுத்தினேன்.
பதினோரு லட்சம் கைபேசிகள்
தலையணைக்கு அடியில், சட்டைப் பையில்,
சார்ஜர் கயிற்றில் கட்டுண்டபடி
ஒருமுறை கண் திறந்து மூடின.
என் கைப்பைக்குள்ளும் ஒன்று.
ஒருவரும் விழிக்கவில்லை.
நல்ல வேலைக்கு அதுதான் அடையாளம்
என்பார் குழுத்தலைவர் தேவய்யா.

பெரிய கட்டளையும் இல்லை அது.
பழைய 2ஜியை இனி யாரும்
தாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது.
நான்கே வரி.
அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போய்
இரண்டாம் முறை அனுப்பினேன்.
பிறகு கேன்டீனில் ஆறிப்போன சித்ரான்னம்;
வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றேன்.

விடிந்து, பெல்லந்தூரில்
இரண்டாம் அடித்தளத்தில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது
குலமணி நாயக் தூணைச் சுற்றிக்கொண்டிருந்தார்,
கைபேசியை உயர்த்திப் பிடித்து,
கற்பூரம் காட்டுகிறவர் போல.
நாற்பத்தேழாம் தூண்.
அந்தக் கட்டடத்தின் வயிற்றுக்குள்
ஒற்றைக் கோடு சிக்னல் வந்து விழும் ஒரே இடம்.
மூன்று வருடக் காவலில்
அவரே கண்டுபிடித்து வைத்திருந்தது.
கஞ்சத்திலிருந்து மனைவி கூப்பிடும் ஆறேகாலுக்கு
ஜெனரேட்டர் அறையைப் பூட்டிவிட்டு
அங்கே வந்து நிற்பார்.

"நான் எதையும் தொடவில்லை, மேடம்"
என்றார் இந்தியில்,
போலீஸ்காரரிடம் சொல்வது போல.

வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஒடியா.
ஒவ்வொரு எழுத்தும் தலைக்குக் குடை பிடித்திருக்கிறது.
ஓர் எழுத்தும் தெரியாது எனக்கு;
இடம் தெரியும்.
மேலிருந்து இரண்டாவது,
அதற்குள் ஆறாவது, அதற்குள் முதலாவது.
மின்சாரம் போன இரவில்
சொந்தச் சமையலறையின் உப்பு ஜாடிக்குப் போகிற மாதிரி
போனது விரல்.
போய் நின்றது.
அந்த வரி சாம்பல் நிறத்தில் இருந்தது.
அழுத்தினேன். இன்னொரு முறை, பலமாக.
அறுந்த பல்லி வால்கூடக்
கொஞ்ச நேரம் துடிக்கும்.

கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது.
அவரே படித்துச் சொன்னார்:
"இதைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது."
பிறகு கேட்டார்,
கோபமில்லாமல், விலாசம் விசாரிப்பவராக:
"ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்து நான் வாங்கின போன்.
இதற்குள் கை விடுகிற ஆள்
எங்கே உட்கார்ந்திருக்கிறான்?"

"தூரத்தில்" என்றேன்.
கழுத்தில் என் அடையாள அட்டை
நல்லவேளையாக
முதுகைக் காட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிரவு விலக்குப் பட்டியலைத் திறந்தேன்.
எண்ணைச் சேர்க்கலாம்; காரணம் கேட்கும்.
தேர்ந்தெடுக்க நான்கு காரணங்கள் உண்டு:
முக்கியப் பிரமுகர். அரசு அலுவலகம்.
வழக்கில் உள்ளது. சோதனைக் கருவி.
'மனைவி கூப்பிடுவாள்' என்று ஒன்று இல்லை.
சோதனைக் கருவி என்று போட்டேன்.
தேவய்யா வாசிக்காமலே ஒப்புதல் கொடுத்தார்.

மறுநாள் குலமணி தூணில் சாய்ந்து
பேசிக்கொண்டிருந்தார், சிரித்தபடி.
என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார்.
அவர் கணக்கில் நான் சரிசெய்து கொடுத்தவள்.
அதைத் திருத்தாமல்
லிஃப்டுக்கு நடந்தேன்.

ஒன்றை மறந்துவிட்டிருந்தேன்.
சோதனைக் கருவிகளுக்குத்தான்
எதுவும் முதலில் போகும்,
பதினோரு லட்சம் பேருக்கு அனுப்புமுன்
உடைகிறதா என்று பார்க்க.

நேற்று ஒன்று நாற்பதுக்குப் புதிதாக ஒன்று.
திரையில் முதல் பச்சைப் புள்ளி,
4471 என்று முடிகிற எண்.
'சென்று சேர்ந்தது' என்றது.
அங்கே தூணருகே ஒரு காக்கிச் சட்டைப் பை
வெளிச்சமாகி அணைந்திருக்கும்.
என்ன மாறியது என்று
எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது.
ஆறேகாலுக்கு
நாலரை மணி நேரம் இருக்கிறது.